மூன்றாம் வாரம்

214க்கும் 215க்கும் நடுவில் இருந்தது
ஒன்பது சென்டிமீட்டர் ஜிப்சம் சுவர்.
காலை எட்டே காலுக்குத் தொடங்கினோம்.
பத்து மணிக்குள் இரண்டு அறையும்
ஒன்றையொன்று பார்த்துவிட்டன.

கடல் இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல்.
ஆனாலும் இது கடற்கொள்ளையர் துறைமுகம்.
சுற்றிலும் சர்க்கரை பீட்ரூட் வயல்,
கூலோமியே போகும் ரயில் தடம்,
நடுவில் மூன்று பாய்மரம், கண்ணாடியிழைப் பீரங்கி,
ஒலிபெருக்கியில் இரவு பத்து வரை அலை.
பத்துக்குக் கடல் நிற்கும்.
ஸ்விட்ச் என் பொறுப்பு.

அறைக்கு ஒரு கிளி. ரப்பர்.
விளக்குத் தண்டில் நான்கு திருகாணி.
இரண்டு அறை ஒன்றானால் ஒரு கிளி மிச்சம்.
இதுவரை முப்பத்தொரு கிளி கழற்றி
கொதிகலன் அறையில் வைத்திருக்கிறேன்,
எல்லாம் ஒரே பக்கம் பார்க்க.

215இன் கட்டில் நின்ற இடத்தில் இப்போது அடுப்பு.
215இன் கழிப்பறை, துணி அலமாரி.
குழாயை வெட்டி மூடி போட்டேன்.
தண்ணீர் இன்னும் அதுவரை வந்து
தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

கீழே கப்பல் தளத்தில்
மதாம் வோக்லான் வாரம் விற்கிறாள்.
அறை அல்ல, வாரம்.
இந்தக் கட்டிலின் முப்பத்திரண்டாம் வாரம்
லில் நகரத்துப் பல் மருத்துவருக்கு;
முப்பத்து மூன்று, பெல்ஜியத்திலிருந்து வந்த
பேசிக்கொள்ளாத அக்கா தங்கைக்கு.
மதியச் சாப்பாடு இலவசம்.
கையெழுத்துப் போட்டவர்கள் படியேறி வந்து
ஈரம் காயாத பூச்சைத் தொட்டு
எங்களுடையது என்கிறார்கள்.
ஏணி மேல் நின்று நான் தலையாட்டுகிறேன்.
எந்த ஏழு நாளைக்கு என்று கேட்பதில்லை.

வாரம் என்றால் எங்கள் மொழியில்
ஏழு நாள் மட்டும் இல்லை.
நிலம் ஒருவனுக்கு, பாடு இன்னொருவனுக்கு,
விளைந்ததில் ஒரு பங்கு:
அதற்கும் பெயர் வாரம்தான்.
மதாமிடம் சொல்ல வாயெடுத்தேன்.
என் பிரெஞ்சு கரைவரைதான் போகும்.

நவரஞ்சினி நாளொன்றுக்குப் பதினெட்டு அறை துடைத்தவள்.
இனி வேண்டாமாம்.
சொந்தக்காரர்கள் தங்கள் கோப்பையைத் தாங்களே கழுவுவார்களாம்,
தங்கள் படுக்கையைத் தாங்களே விரிப்பார்களாம்.
சனிக்கிழமை மட்டும் வந்தால் போதும்,
பத்துக்கும் நாலுக்கும் நடுவில்,
ஒருவரின் வாரம் வெளியேறி
இன்னொருவரின் வாரம் சாவி வாங்குவதற்குள்.

கடிதத்தை என்னிடம் நீட்டினாள்.
"சரியா வாசிச்சுச் சொல்லுங்கோ.
ஏழில ஒண்டு எண்டுதானே கிடக்கு?"
ஓம் என்றேன்.
"அப்ப நானும் வாங்கீற்றன்" என்றாள்,
"சனிக்கிழமையள."
சிரிக்கவில்லை.
தள்ளுவண்டிச் சக்கரத்தில் சுற்றியிருந்த தலைமுடியை,
எத்தனை பேருடையதோ,
கத்தரியால் வெட்டி வெட்டி எடுத்தாள்.

வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம்.
விலைப்பட்டியலில் ஐம்பத்தொன்று.
விட்டுப்போனது மூன்றாவது, ஜனவரி நடு.
பழுது பார்க்க.
அதை யாருக்கும் விற்க மாட்டார்கள்,
யாரும் கேட்கவும் மாட்டார்கள்.
மெத்தை சுவரில் சாய்ந்து நிற்கும்,
சூடு பன்னிரண்டு பாகையில்.
சிலிக்கன் துப்பாக்கியோடு நான் வருவேன்,
மற்ற ஐம்பத்தொன்றும் கசிந்த இடங்களை அடைக்க.
மதியம் சோற்றுப் பெட்டியைப் புது அடுப்பில் சுடவைத்து
ஜன்னலோரம் சாப்பிடுவேன்.
பத்திரம் ஏதும் இல்லை.

போன ஜனவரியில் ஹோட்டல் மூடிக் கிடந்தபோது
சோதனைக்கு அலையைப் போட்டவன்
நிறுத்த மறந்து மாலை ரயிலைப் பிடித்துவிட்டேன்.
விடிய விடிய வயலுக்கு நடுவே
கடல் தனியாக அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.
காலையில் வந்து பார்த்தால்
பாய்மரத்தின் உச்சியில் இரண்டு கடற்காகம்.
நிஜமானவை. ஒன்றுக்குக் காலில் உழுத மண்.
ஏமாந்து வந்தவை போலத் தெரியவில்லை.
கழுத்தைத் திருப்பித் திருப்பி
இடம் பார்க்க வந்தவை போல இருந்தன.